பாதியில் நிற்கும் பின்னல்: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது, என்ன விலை சொல்வது?

திருகோணமலை திருக்கடலூர்க் கரையால் காலை வேளையில் நடந்து போனால் வலை பொத்திக்கொண்டிருப்பவர்களைக் காணலாம். வலையின் ஒரு பக்கத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த இடத்தை வெட்டிச் சீராக்கி, ஊசியில் சுற்றிய நைலோன் நூலால் ஒவ்வொரு கண்ணாக முடிந்துகொண்டு போவார்கள். அதே ஒழுங்கையில் ஏதோ ஒரு வீட்டு விறாந்தையில், ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளைக்கு ஓர் அம்மம்மா தொப்பி பின்னிக்கொண்டிருக்கவும் கூடும். இரண்டும் நூல் வேலைதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

வழக்கமான மீன்வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் கட்டப்பட்டது. ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண் அப்படியே நிற்கும். பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணிக்குள்ளால் அடுத்த கண்ணியை இழுத்து, அதற்குள்ளால் அதற்கடுத்ததை இழுத்துக்கொண்டு போவதுதான் முழு வேலையும். இரண்டு ஊசியால் செய்யும் பின்னலில் மேல் வரிசையில் ஒரு கண்ணி நழுவினால், அதைத் தாங்கி நின்றது, அதற்குக் கீழே நின்றது என்று ஏணிப்படி போலக் கீழே வரைக்கும் கழன்றுகொண்டு போகும்.

பொழுதுபோக்காகப் பின்னத் தொடங்குகிறவர்களின் மகிழ்ச்சியும் சலிப்பும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. பின்னல் எளிதில் குலையும். அதே காரணத்தால் அதை முழுவதுமாக அவிழ்த்து, ஒரு முழ நூல்கூட வீணாகாமல் திரும்பத் தொடங்கவும் முடியும். நூல் திரும்பி வரும். அதில் செலவழித்த நேரம் மட்டும் திரும்பாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், அலுமாரிக்குள் பாதியில் கிடக்கும் பல பின்னல்களின் கதை விளங்கிவிடும்.

வெயில் ஊரில் எந்த நூல்?

பின்னல் என்றதும் கம்பளி நூலும் பனி விழும் ஊரும்தான் பலருக்கு நினைவில் வருகின்றன. ஆனால் உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய இரு ஊசிப் பின்னல்களில் பல, எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகளும் துண்டுகளுமே. அவை 11ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரையான காலத்தவை. நீலமும் வெள்ளையுமாகக் கோலம் போட்டுப் பின்னப்பட்டவை பல. சுடுமணல் நாட்டில், பருத்தியில் வளர்ந்த கலை இது. நாங்கள் அன்றாடம் போடும் பனியனும் இயந்திரம் பின்னிய நுண்ணிய கண்ணிகள்தான். இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589இல் காலுறை பின்னும் பொறியை உருவாக்கியதிலிருந்து தொடங்கிய வழி அது. இன்றைய திருப்பூர்ப் பனியன் ஆலைகளும் அந்த வழியில் வந்தவையே.

வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டிவிடும். அந்த வெயிலில் கம்பளி நூலை மடியில் வைத்துப் பின்னுவதே கரைச்சல். பின்னியதைப் போடுவது அதைவிடக் கரைச்சல். முதற் பின்னல் பலருக்குத் தோற்பது கைத்திறன் இல்லாததால் அல்ல, பொருத்தமில்லாத நூலைத் தேர்ந்ததால்தான்.

பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சும், குழந்தையின் தோலை உறுத்தாது. ஆனால் அது பாரமானது. இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணம் அதற்குக் குறைவு. அதனால் பருத்தியில் பின்னிய நீளச் சட்டை தன் பாரத்தாலேயே தொங்கி நீளும். கைப்பை, மேசை விரிப்பு, மெத்தை உறை, பிள்ளைகளின் கையில்லாச் சட்டை ஆகியவற்றுக்கு அது நல்லது. அக்ரிலிக் நூல் மலிவு, பாரமில்லை, நிறம் மங்காது. ஆனால் காற்றோட்டம் குறைவு, வியர்க்கும். சூடான ஸ்திரிக்கைப்பெட்டி பட்டால் உருகிப் பாழாகும். லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதானால் கம்பளியோ கம்பளி கலந்ததோ பொருந்தும். அதற்கு முன் அந்தத் தாயிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அங்கே இதைக் கையால் தோய்க்க நேரம் இருக்குமா? பதப்படுத்தாத கம்பளியைச் சூடான நீரில் சலவை இயந்திரத்தில் போட்டால் அது இறுகிச் சுருங்கி, பிள்ளைக்குப் பின்னியது பொம்மைக்குத்தான் பொருந்தும்.

நூல் வாங்கும்போது தேவையானதை ஒரே நாளில், ஒரே கடையில் வாங்குவது முக்கியம். நூற்பந்தின் சுற்றுத்தாளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். நிற எண் ஒன்றாக இருந்தும் தொகுதி எண் வேறானால், கடை வெளிச்சத்தில் தெரியாத வேறுபாடு பின்னி முடித்து வெயிலில் பிடிக்கும்போது கோடாகத் தெரியும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்து இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியபோது, பாதியில் நூல் முடிந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் கண்டுகொண்டார்கள்.

கடற்காற்று இருக்கும் ஊரில் உருக்கு ஊசிகள் துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை விடும். மூங்கில், பிளாஸ்டிக், அலுமினிய ஊசிகள் பாதுகாப்பானவை. சைக்கிள் கம்பியை வெட்டி, நுனியைத் தேய்த்து ஊசியாக்குவதும் நடைமுறையில் உள்ளதுதான். சாதாரண சைக்கிள் கம்பி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பு. மெல்லிய நூலுக்குப் பொருந்தும், தடித்த நூலுக்குப் பொருந்தாது.

இரு ஊசியா, கொக்கி ஊசியா?

இரு ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் உயிரோடு நிற்கின்றன. ஊசி உருவப்பட்டால் அத்தனையும் ஆபத்தில். கொக்கி ஊசியால் பின்னும் குரோசேயில் எந்த நேரமும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். மற்றவை ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டன. குழந்தை வந்து இழுத்தாலும், மின்சாரம் நின்றாலும், வாசலில் யாராவது கூப்பிட்டாலும் அப்படியே வைத்துவிட்டு எழும்பலாம். அந்த ஒரு கண்ணியை ஓர் ஊக்கில் மாட்டிவிட்டால் போதும். எங்கள் வீடுகளில் ஒரு காலத்தில் கதிரை முதுகிலும், வானொலிப் பெட்டியின் மேலும், தொலைக்காட்சியின் மேலும் விரிந்து கிடந்த வெள்ளை விரிப்புகளில் பல குரோசேயாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

குரோசே பொதுவாகக் கூடுதல் நூல் பிடிக்கும், துணி சற்று விறைப்பாக இருக்கும். இரு ஊசிப் பின்னல் மெதுமையானது, இழுபடும். தொப்பி, காலுறை, சட்டைக்கு ஏற்றது. புதிதாகத் தொடங்குபவர், வேலைக்கு நடுவே நேரம் திருடிப் பின்னுபவர், முதலில் குரோசேயில் கைவைப்பது மனம் சலிக்காமலிருக்க உதவும்.

பத்து சென்ரிமீற்றரில் தப்பும் அளவு

வலை முடிபவர் கண்ணின் அளவு மாறாமலிருக்க ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொள்வார். அதைச் சுற்றி முடிந்தால் ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவில் வரும். பின்னலில் அப்படி ஒரு பலகை இல்லை. ஊசியின் தடிப்பும் எங்கள் விரலின் இறுக்கமும்தான் அளவு. விரலின் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். மனம் பதறிய நாளில் கை தன்னை அறியாமல் இறுக்கும், ஆறுதலான நாளில் தளரும். ஒரே துண்டில் இரண்டு கிழமை வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இது ஏன் பெரிய விடயம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 90 சென்ரிமீற்றர் சுற்றளவில் ஒரு மேற்சட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதிரிப் படம் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி என்கிறது. அப்படியானால் 198 கண்ணி போட வேண்டும். உங்கள் கை சற்றுத் தளர்ந்தது, 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணிதான் வருகிறது. அதே 198 கண்ணி இப்போது 99 சென்ரிமீற்றர் வரும். ஒவ்வொரு பத்திலும் இரண்டே கண்ணி வித்தியாசம். கடைசியில் சட்டை 9 சென்ரிமீற்றர் பெரிது. மூன்று கிழமை உழைத்த பிறகு கண்ணாடி முன்னால் நின்று இதைக் கண்டுபிடிப்பதைவிட, முதல் நாளே ஒரு சதுர மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பது இலாபம்.

அந்தத் துண்டை 15 சென்ரிமீற்றர் அளவுக்குப் பின்னி, தோய்த்து, நிழலில் காயவிட்டு, நடுவில் 10 சென்ரிமீற்றரை அளவுகோலால் அளந்து கண்ணிகளை எண்ணவேண்டும். ஓரங்களை எண்ணக்கூடாது, ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணும். தோய்க்காமல் அளந்தாலும் பிழை வரும், பருத்தி முதற் தோய்ப்பில் சுருங்கக்கூடும். கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசி, கூடுதலாக வந்தால் தடித்த ஊசி. கையை மாற்ற முயலவேண்டாம். ஊசியை மாற்றுவது எளிது.

நடுவில் வரும் சலிப்பு

தொடங்கும்போது இருக்கும் ஆசை நடுவழியில் குறைவது எல்லோருக்கும் நடப்பது. நிறம் புதிது, கோலம் புதிது என்பதெல்லாம் முதல் இருபது வரிசையோடு முடிந்துவிடும். அதன்பிறகு ஒரே அசைவு. ஒரு காலுறையை முடித்தவர் மற்றக் காலுறையைத் தொடங்காமலே விடுவது உலகம் முழுவதும் பின்னுபவர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்யும் விடயம்.

இதற்கு உள்ள மருந்து மனவுறுதியைவிட முன்கூட்டிய கணக்குத்தான். 100 சிறு சதுரங்களைப் பின்னி இணைத்து ஒரு போர்வை செய்ய ஆசைப்படுகிறீர்கள். முதற் சதுரத்தை நேரம் பார்த்துப் பின்னுங்கள். 25 நிமிடம் என்றால், சதுரங்களுக்கு மட்டும் 2,500 நிமிடம், அதாவது ஏறத்தாழ 42 மணித்தியாலம். ஒரு நாளைக்கு அரை மணி கிடைத்தால் 84 நாள். இணைப்பதற்கும் நூல் நுனிகளை உள்ளே மறைப்பதற்கும் வேறு நேரம். இது தெரிந்து தொடங்குபவர் முப்பதாம் நாளில் ‘இன்னும் முடியவில்லையே’ என்று தன்னை நொந்துகொள்ளமாட்டார். தெரிந்த பிறகு போர்வை வேண்டாம், மெத்தை உறை போதும் என்று முடிவெடுத்தாலும் அது தோல்வி அல்ல.

எந்த வரிசையில் நிற்கிறோம், எந்த ஊசி, எத்தனை கண்ணி என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி நூலோடு வைக்கவேண்டும். மாரி மழைக்கு மூட்டை கட்டி வைத்த பின்னலைத் தையில் எடுக்கும்போது நினைவு உதவாது. வைக்கும் பையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த வேப்பிலை போட்டு வைப்பது எங்கள் வீடுகளில் பழைய வழக்கம்.

அவிழ்ப்பது எப்படி?

ஒரு கண்ணி நழுவினால் முதலில் செய்யவேண்டியது, பதறி இழுக்காமல் இருப்பது. ஓர் ஊக்கை மாட்டி அந்தக் கண்ணியைப் பிடித்து வைக்கவேண்டும். பிறகு கொக்கி ஊசியால், கழன்று நிற்கும் ஏணிப்படிகளை ஒவ்வொன்றாக அந்தக் கண்ணிக்குள்ளால் மேலே இழுத்து வந்தால் துண்டு பழையபடி ஆகும். பத்து வரிசை கீழே போயிருந்தாலும் இப்படி ஏற்றிவிடலாம்.

சிக்கலான கோலம் தொடங்குமுன் ஒரு காப்பு நூல் போடுவது நல்லது. வேறு நிற மெல்லிய நூலை மழுங்கிய தையல் ஊசியில் கோத்து, ஊசியில் நிற்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளாலும் ஓட்டிவிட வேண்டும். மேலே என்ன பிழை வந்தாலும் அந்த நூல்வரைக்கும்தான் அவிழும். அதற்குக் கீழே ஒன்றும் ஆகாது.

முழுவதும் அவிழ்க்க வேண்டிவந்தால், சுருண்ட நூலைக் கதிரையின் முதுகில் சுற்றி வளையமாக்கி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்து, கீழே சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். சுருள் பெரும்பாலும் நேராகிவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941 யூனில் உடைகளுக்குப் பங்கீடு வந்தபின், பிரித்தானியாவில் பழைய கம்பளிச் சட்டைகளை இப்படி அவிழ்த்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பின்னினார்கள். அந்தப் பங்கீடு 1949வரை நீடித்தது. நாங்களும் செய்யலாம். ஆனால் பழைய சட்டை வாங்குமுன் உட்பக்கத் தையலைப் பார்க்கவேண்டும். துண்டு துண்டாக உருவத்துக்குப் பின்னி இணைத்ததென்றால் நூல் நீளமாக அவிழும். துணியாக வெட்டி ஓரம் அடித்துத் தைத்ததென்றால் ஒவ்வொரு வரிசையும் அறுந்த துண்டாகத்தான் வரும்.

‘சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே’

இதுவரை சொன்னவை நூலுக்குள் இருக்கும் பிழைகள். திருத்திவிடலாம். எங்கள் பெண்கள் சந்திக்கும் பெரிய சறுக்கல் நூலுக்கு வெளியே இருக்கிறது.

2006 ஏப்ரலில் சம்பூரிலும் அயல் ஊர்களிலும் இருந்து குண்டுவீச்சுக்குப் பயந்து வெளியேறிய குடும்பங்கள் வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் சம்பூர் நிலங்கள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. பத்து வருடம் நிலமும் கடலும் கைவிட்ட குடும்பத்தில், தாய்க்குத் தெரிந்த தையலும் பின்னலும் ஓலை வேலையும் திடீரென்று ‘வாழ்வாதாரம்’ ஆகின. போருக்குப் பிந்திய காலத்தில் வடக்கு கிழக்கில் பயிற்சி வகுப்பு, சுயதொழில் கடன், கண்காட்சி என்று வந்த திட்டங்களில் பெண்களின் கைவேலைக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. அதனால் பயன் அடைந்தவர்களும் உண்டு. ஆனால் ‘உனக்குப் பின்னத் தெரியும்தானே, சும்மா இருக்கும் நேரத்தில் செய்து விற்கலாமே’ என்ற சொல்லுக்குள் ஒரு பொறி இருக்கிறது.

அந்தப் பொறியைத் தெளிவாகக் காட்டியது ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாப்பூர். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிசனரிகள் வழியாகப் பரவிய குரோசே வேலை, வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் பெருந்தொழிலானது. ஜேர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு நாளில் பல மணித்தியாலம் ஏற்றுமதிக்காக உழைத்த பெண்களை, வணிகர்களும் குடும்பத்தினரும் ‘ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள்’ என்றே கண்டார்கள் என்பதுதான் அவர் காட்டியது. வேலைக்குப் ‘பொழுதுபோக்கு’ என்று பெயர் வைத்ததால் கூலி கேட்கும் உரிமையும் கணக்கிலிருந்து மறைந்தது. விற்ற வணிகர்கள் உயர்ந்தார்கள், பின்னிய கைகள் அதே இடத்தில் நின்றன.

அயர்லாந்தில் 1840களின் நடுவில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்களும் பாடசாலைகளும் குரோசே சரிகை பின்னப் பழக்கின. பட்டினி கிடந்த பல குடும்பங்களை அது தாங்கியது உண்மை. ஆனால் பின்னாளில் இயந்திரத்தில் செய்த மலிவான போலிச் சரிகை வந்து, நாகரிகமும் மாறியபோது அந்த வருமானம் தேய்ந்தது. தூரத்துச் சந்தையின் விருப்பத்தை மட்டும் நம்பிய கைத்தொழிலின் நிலை அது.

இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். இரு ஊசிப் பின்னலை இயந்திரம் செய்யும். கையால் செய்யும் உண்மையான குரோசேயைத் தொழிற்சாலை அளவில் செய்யும் இயந்திரம் இன்றுவரை சந்தையில் இல்லை. கடையில் மலிவு விலையில் ஒரு குரோசே பை தொங்கினால், எங்கோ ஒருவரின் கை அதற்குக் குறைந்த கூலி வாங்கியிருக்கிறது என்றே பொருள். அந்த விலையோடு நாங்கள் போட்டிபோட முனைந்தால் எங்கள் கையும் அந்தக் கூலிக்கே போகும்.

விலை சொல்லும் கணக்கு

குழந்தைக்குத் தொப்பி, காலுறை, சிறு சட்டை கொண்ட ஒரு தொகுதி என்று வைப்போம். நூலுக்கு 600 ரூபா. பின்னி முடிக்க 8 மணித்தியாலம். அயலில் உள்ளவர் ‘ஆயிரத்துக்குத் தாங்கோ அக்கா’ என்கிறார். தெரிந்த ஆள், மறுக்க மனமில்லை. ஆயிரத்தில் நூற்செலவு போனால் 400. அதை 8ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 50 ரூபா.

இலங்கையில் தேசிய குறைந்தபட்ச நாட்கூலி 2025 ஏப்ரலில் 1,080 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 1,200 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 150 ரூபா. சுயதொழில் செய்பவருக்கு இந்தச் சட்டம் கூலி வாங்கித் தராது. ஆனால் எங்கள் விலைக்கு அது ஓர் அளவுகோலாகலாம். நூல் 600, உழைப்பு 1,200, மொத்தம் 1,800. இதற்குக் கீழே விற்றால் நாட்டின் ஆகக் குறைந்த கூலியைவிடக் குறைவாகத் தன்னைத்தானே வேலைக்கு வைத்திருக்கிறோம். போக்குவரத்து, பொதி, கடைக்காரரின் பங்கு எல்லாம் இதற்கு மேல்.

1,800க்கு யாரும் வாங்கமாட்டார்கள் என்றால், அந்தப் பொருளை அந்தச் சந்தைக்குச் செய்யவேண்டாம் என்பதுதான் கணக்கு சொல்லும் பதில். ஒரு மணித்தியாலத்தில் முடியும் சிறு பொருளுக்கு மாறலாம். முன்பணத்தோடு கேட்பவருக்கு மட்டும் பின்னலாம். அல்லது விற்காமல், விரும்பியவருக்குப் பரிசாகக் கொடுத்துவிடலாம். பரிசு பரிசாகவே இருக்கட்டும். அரைவிலைக்கு விற்பது பரிசும் அல்ல, வியாபாரமும் அல்ல.

கடன் வாங்கி நூல் வாங்குமுன் இந்தக் கணக்கை இரண்டு தரம் போடவேண்டும். வாரத் தவணை நுண்நிதிக் கடன் எங்கள் மாவட்டத்துப் பெண்களை என்ன செய்தது என்பது இங்கு யாருக்கும் புதிதல்ல. ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று போன கதை அது. 2018இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருந்தது. தவணை ஒவ்வொரு வாரமும் வரும். பின்னிய பொருள் ஒவ்வொரு வாரமும் விலைபோகாது. கைவேலைக்குப் பொருந்தாத கடன் அது. கையில் இருக்கும் பணத்துக்கு நூல் வாங்கி, விற்றதில் ஒரு பகுதியை அடுத்த நூலுக்கு ஒதுக்கி மெல்ல வளர்வது மந்தமான வழிதான். ஆனால் வீட்டு வாசலில் தவணைக்காரர் வந்து நிற்கமாட்டார்.

விற்காத பின்னலுக்கும் மதிப்பு உண்டு

பின்னுவது மனதுக்கு நல்லதா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. பின்னுபவர்கள் 3,545 பேரிடம் உலகளவில் கேட்டு எடுக்கப்பட்ட ஒரு கருத்தாய்வு, பிரித்தானியத் தொழில்வழிச் சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் 2013இல் வெளியானது. அடிக்கடி பின்னுபவர்கள் தாங்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகக் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள் தாங்களே சொன்னது அது என்பதையும் மறக்கக்கூடாது. பின்னல் மருந்து அல்ல. நித்திரை இல்லாமல், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் ஒருவரிடம் ‘ஏதாவது பின்னிக்கொண்டிரு’ என்று சொல்லிவிட்டுப் போவது பொறுப்பில்லாத பேச்சு. அவருக்கு வைத்தியசாலையின் மனநலப் பிரிவோ, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமோ வேண்டும். பின்னல் அதற்குப் பக்கத்தில் இருக்கலாம், அதற்குப் பதிலாக இருக்க முடியாது.

சிலியில் 1973இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் பழைய துணித் துண்டுகளைச் சாக்குத் துணியில் வைத்துத் தைத்துப் படங்கள் செய்தார்கள். வாயால் சொல்ல முடியாததை ஊசியால் சொன்னார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1976இல் அமைத்த மனித உரிமை அலுவலகம் அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்க உதவியது. வருமானமும் வந்தது, சாட்சியமும் வெளியே போனது. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தங்கள் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்த தாய்மாரைக் கண்ட எங்களுக்கு, அந்தச் சிலியத் தாய்மாரின் கைகளை விளங்கிக்கொள்ள அதிகம் விளக்கம் தேவையில்லை.

ஆனால் எல்லாப் பின்னலும் சாட்சியமாகவோ வருமானமாகவோ இருக்கவேண்டிய கட்டாயமில்லை. போர் எங்களிடமிருந்து எடுத்தவற்றில், காரணம் சொல்லாமல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் பொழுதும் ஒன்று. எதற்குப் பின்னுகிறாய், எவ்வளவுக்குப் போகும் என்று கேட்காத ஒரு மாலை நேரம், வருடக்கணக்காக முகாமில் இருந்த பெண்ணுக்கும் உரிமையானதுதான். பொழுதுபோக்கைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர் சோம்பேறி அல்ல.

ஆகவே அடுத்த பின்னலைத் தொடங்குமுன் ஒரு துண்டுத்தாளில் முதல் வரியாக எழுதிவைக்கலாம்: இது எனக்கா, பரிசா, விற்பனைக்கா? எனக்கென்றால் எத்தனை தரம் அவிழ்த்தாலும் நட்டமில்லை. பரிசென்றால் பெறுபவரின் ஊர் வெயிலா குளிரா என்று பார்த்து நூல் எடுக்கவேண்டும். விற்பனைக்கென்றால் முதலாவது பொருளை மணிக்கூட்டைப் பார்த்துப் பின்னி, நேரத்தை எழுதிவைத்து, அதன் பிறகே வாயால் ஒரு விலை சொல்லவேண்டும். அந்த வரிக்குக் கீழே ஊசியின் அளவு, கண்ணியின் எண்ணிக்கை, சாயத் தொகுதி எண். பிறகு, 15 சென்ரிமீற்றரில் ஒரு மாதிரித் துண்டு.